ஆவடி பஸ்சில் ஆப்பிரிக்க வாலிபர்!

கடல் கடந்து படிக்க வருகிறார்கள். கைகொடுக்கின்றன மாணவர் சங்கங்கள்

காலை 8 மணி. ஆவடி பஸ் நிலையம்.

சாப்பாட்டுப் பையுடன் டாங்கித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். பூக்கூடையுடன் ஓர் அம்மாள் நிற்கிறார். பள்ளிப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். அவர்களுக்கு நடுவே ஆறடி உயரத்தில் ஓர் ஆப்பிரிக்க வாலிபர். கையில் புத்தகங்கள். தோளில் பை.

பஸ் வருகிறது. கூட்டம் முண்டியடித்து ஏறுகிறது. கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வருகிறார்.

"தம்பி, எங்கே இறங்கணும்?"

"காலேஜ் ஸ்டாப், அண்ணா. ஒரு டிக்கெட்."

அழகான தமிழ்! பஸ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பூக்கார அம்மாள் சிரிக்கிறார். வாலிபரும் சிரிக்கிறார்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இது பழகிப்போன காட்சி. ஆவடியில் வேல்டெக், மதுரவாயலில் டாக்டர் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகம், போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சவீதா என்று இந்த வட்டாரத்தில் கல்லூரிகள் ஏராளம். என்ஜினீயரிங், மருத்துவம், பல் மருத்துவம் படிக்க வெளி மாநிலத்தாரும் வெளி நாட்டாரும் இங்கே வருகிறார்கள்.

ஆவடிக்குப் பல மொழி கேட்பது புதிதல்ல. இரண்டாவது உலகப் போர்க் காலத்திலேயே இது பெரிய ராணுவக் கிடங்கு. 1965-ம் ஆண்டில் 'விஜயந்தா' டாங்கி இங்கிருந்துதான் உருண்டு வெளியே வந்தது. பஞ்சாபியும் வங்காளியும் மலையாளியும் இங்கே அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்து பழகியவர்கள். இப்போது அந்தத் தெருவில் சுவாகிலியும் நேபாளியும் கேட்கின்றன. அவ்வளவுதான்!

முதல் பட்டதாரி யார்?

'அயல்நாட்டார் நம் ஊருக்கு வந்து படிப்பது நேற்று வந்த வழக்கம்' என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ம் ஆண்டில் பிறந்தது. அதன் முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் யார் தெரியுமா? இரண்டு பேர். ஒருவர் சி.வை.தாமோதரம் பிள்ளை. மற்றவர் விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்! வட்டுக்கோட்டை செமினரியில் பயின்றவர்கள். அங்கே விசுவநாத பிள்ளை ஆசிரியர். தாமோதரம் பிள்ளை மாணவர். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பரீட்சை எழுதித் தேறினார்கள்.

தாமோதரம் பிள்ளை பட்டத்தோடு நிற்கவில்லை. ஊர் ஊராகத் தேடினார். செல்லரித்த ஏடுகளைத் திரட்டினார். ஒப்பிட்டுப் பார்த்து அச்சில் ஏற்றினார். கலித்தொகை 1887-ம் ஆண்டில் புத்தகமாக வந்தது அவரால்தான். தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் அச்சிட்டார்.

கடல் கடந்து வந்த மாணவர் தமிழுக்குத் தந்த செல்வம் அது!

ராணுவ அதிகாரிகளும் நம் மாநிலத்துக்கு வந்து படித்திருக்கிறார்கள். குன்னூர் அருகே வெல்லிங்டனில் ராணுவப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. நைஜீரியாவில் இருந்து ஒபசாஞ்சோ என்ற இளம் அதிகாரி 1965-ம் ஆண்டிலும், புகாரி என்ற அதிகாரி 1973-ம் ஆண்டிலும் அங்கே பயின்றனர். பிற்காலத்தில் இருவருமே நைஜீரியாவின் ஜனாதிபதி ஆனார்கள்!

எப்படி வருகிறார்கள்?

1950-ம் ஆண்டில் மௌலானா ஆசாத் ஒரு கழகத்தைத் தொடங்கினார். அதன் பெயர் இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம். அயல்நாட்டு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து இந்தியாவில் படிக்க வைப்பது அதன் பணிகளில் ஒன்று. சொந்தப் பணம் கட்டிப் படிக்க வருகிறவர்களும் உண்டு. 2018-ம் ஆண்டில் 'இந்தியாவில் படியுங்கள்' என்ற திட்டத்தை மத்திய அரசு கொண்டு வந்தது.

2019-20-ம் ஆண்டுக் கணக்கை மத்திய அரசு வெளியிட்டது. அந்த ஆண்டில் இந்தியாவில் படித்த அயல்நாட்டார் 49 ஆயிரத்து 348 பேர். 168 நாடுகளில் இருந்து வந்தவர்கள். நூற்றுக்கு 28 பேர் நேபாளத்தார். அடுத்து ஆப்கானிஸ்தான், வங்காள தேசம், பூட்டான், சூடான்.

நம் நாட்டில் இருந்து வெளியே போய்ப் படிப்பவர்கள் எத்தனை பேர்? 2024-ம் ஆண்டில் 13 லட்சத்துக்கும் மேல்! நம் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேர் அந்நிய ஊர்களில் இருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நடுங்கிய கணித மேதை

1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் கும்பகோணத்து வாலிபர் ஒருவர் இருந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரை அழைத்திருந்தது. அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

அங்கே கணக்கு அவருக்குப் பயம் காட்டவில்லை. குளிர்தான் பயம் காட்டியது. சைவச் சாப்பாடு கிடைக்கவில்லை. தானே சமைத்துச் சாப்பிட்டார்.

ஒருநாள் மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் அவரைப் பார்க்க வந்தார். இரவு நன்றாகத் தூங்குகிறீர்களா என்று விசாரித்தார். குளிர் தாங்கவில்லை என்றார் ராமானுஜன். மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பதாகச் சொன்னார்.

மகலனோபிஸ் படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன! ஆனால், அவை மெத்தையோடு சேர்த்து இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ் காட்டிக் கொடுத்தார்.

உலகமே வியந்த மூளை. ஆனால், கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது!

கேம்பிரிட்ஜில் இந்திய மாணவர்கள் 1891-ம் ஆண்டிலேயே 'மஜ்லிஸ்' என்ற சங்கத்தை அமைத்திருந்தார்கள். நேருவும் தம் மாணவப் பருவத்தில் அங்கே போனவர்தான். நம்மவர்களுக்கு அங்கே சங்கம் தேவைப்பட்டது போலத்தான், இங்கே வருகிறவர்களுக்கும் தேவைப்படுகிறது.

விமான நிலையத்தில் ஓர் அண்ணன்

அயல்நாட்டு மாணவர் சங்கம் என்றால் மேடையும் மைக்கும் மட்டும் அல்ல. அதன் வேலை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் தொடங்குகிறது.

நள்ளிரவில் விமானம் இறங்கும். 18 வயதுப் பையன் இரண்டு பெட்டியுடன் வெளியே வருவான். மொழி தெரியாது. யாரையும் தெரியாது. வியர்வை கொட்டும். அந்த நேரத்தில் அவன் பெயரை எழுதிய அட்டையுடன் அவன் நாட்டு மாணவர் ஒருவர் நின்றால் எப்படி இருக்கும்! போன உயிர் திரும்பி வந்தது போல் இருக்கும்.

அடுத்த வேலை, சட்டப்படி பதிவு செய்வது. ஆறு மாதத்துக்கு மேல் தங்கிப் படிக்க வரும் அயல்நாட்டு மாணவர், வந்த 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். வீடு வாடகைக்கு விடுகிறவரும் விடுதி நடத்துகிறவரும் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். நாள் தவறினால் அபராதம். படிக்க வந்தவர் வேலை பார்த்துச் சம்பாதிக்கவும் முடியாது. விசாவில் அதற்கு அனுமதி இல்லை. இதையெல்லாம் புதியவனுக்கு யார் சொல்வது? பழைய மாணவர்தான் சொல்ல வேண்டும்.

பிறகு தமிழ்ப் பாடம். 'எவ்வளவு?', 'வேண்டாம்', 'தண்ணீர்', 'காரம் கம்மி', 'நன்றி அண்ணா'. முதல் வாரத்துக்கு இந்த ஐந்தும் போதும்.

புதிய கல்விக் கொள்கை 2020-ம் ஆண்டில் வந்தது. அயல்நாட்டார் படிக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் அவர்களுக்கென்று தனி அலுவலகம் வேண்டும் என்று அது சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2021-ம் ஆண்டில் இதை வற்புறுத்தியது. ஆனால், அலுவலகம் மாலையில் மூடிவிடும். காய்ச்சல் நள்ளிரவில் வரும்! அப்போது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர் சங்கத்து அண்ணன்தான்.

ஒரே அறை, நாலு ஆண்டு!

இந்தச் சங்கங்களில் வேடிக்கைக்கும் குறைவில்லை.

ஒரு விடுதி அறையில் ஆங்கிலக் காலண்டர், எத்தியோப்பியர், நேபாளி, தமிழர் நால்வரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2024-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி. 'இது என்ன ஆண்டு?' என்று கேட்டால் காலண்டர் 2024 என்று சொல்லும். எத்தியோப்பியர் 2016 என்பார். நேபாளி 2080 என்பார். தமிழ் மாணவர் 'திருவள்ளுவர் ஆண்டு 2054' என்பார். நான்கும் சரி!

எத்தியோப்பியருக்கு ஆண்டுக்கு 13 மாதம். செப்டம்பரில் புத்தாண்டு. ஆப்கானியருக்கு மார்ச் 21-ந் தேதி வாக்கில் 'நவ்ரோஸ்' புத்தாண்டு. பூட்டானியருக்கு டிசம்பர் 17 தேசியத் திருநாள். மே 25 ஆப்பிரிக்க தினம். 1963-ம் ஆண்டில் ஆப்பிரிக்க நாடுகள் ஒன்று கூடி அமைப்பு கண்ட நாள் அது. ஜனவரியில் பொங்கல். வேட்டி கட்டத் தெரியாமல் பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு வருகிற வாலிபர்களைப் பார்க்க வேண்டுமே!

களியும் உகாலியும்

சாப்பாட்டைக் கேளுங்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் 'உகாலி' என்று ஒன்று உண்டு. மக்காச்சோள மாவைக் கொதிக்கும் நீரில் கொட்டிக் கிளறுவார்கள். உருண்டை பிடித்துக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள். கையால்தான்! நம் வீட்டுக் கேழ்வரகுக் களி வேறு என்ன? நேபாளத்திலும் 'திண்டோ' என்ற களி இருக்கிறது. அதிலும் கேழ்வரகு உண்டு.

எத்தியோப்பியர்கள் 'இஞ்சிரா' சாப்பிடுகிறார்கள். மாவைப் புளிக்க வைத்து, கல்லில் பெரிதாக ஊற்றி எடுப்பது. நம் தோசைக்கும் ஆப்பத்துக்கும் தூரத்துச் சொந்தம்! பூட்டானில் பச்சை மிளகாயே கறி. மிளகாயைப் பாலாடைக் கட்டியோடு வேகவைத்து உண்பார்கள். நம் காரம் அவர்களை ஒன்றும் செய்யாது.

சுவாகிலி மொழியில் தேநீருக்கு 'சாய்' என்றுதான் பெயர். சப்பாத்திக்குச் 'சப்பாத்தி' என்றே பெயர். பழைய கப்பல் வியாபாரம் விட்டுச் சென்ற சொற்கள் இவை.

சங்கம் நடத்தும் உணவு விழாவில் இவை ஒரே மேஜையில் வரிசையாக நிற்கும். வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர் மாணவர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கிறார். "அடே, இது எங்க ஆயா செய்கிற களி!" என்கிறார். அதன் பிறகு அந்த இருவரும் அந்நியர் அல்ல.

"வீடு காலி இல்லை!"

இனி வருத்தமான பக்கம்.

பல வீடுகளில் நடப்பது இது. 'வாடகைக்கு விடப்படும்' என்று போர்டு தொங்குகிறது. ஆப்பிரிக்க மாணவர் கதவைத் தட்டுகிறார். வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்க்கிறார்.

"வீடு காலி இல்லை, தம்பி."

"போர்டு இருக்கே, அம்மா?"

"எடுக்க மறந்துட்டோம்."

கதவு சாத்தப்படுகிறது. மறுநாளும் அந்தப் போர்டு அங்கேயே தொங்குகிறது.

தெருவில் நடந்தால் கேலிப் பெயர். தலைமுடியைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைகள். கேட்காமலே போட்டோ எடுக்கும் வாலிபர்கள். 'இவர்கள் எல்லோரும் தப்பு வேலை செய்கிறவர்கள்' என்ற பேச்சு. யாரோ ஒருவர் செய்த குற்றத்துக்கு, அந்தக் கண்டத்தில் பிறந்த எல்லோரும் பழி சுமக்கிறார்கள்.

நம் முன்னோருக்கு இந்த வலி தெரியும். 1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையில் இருந்து கூலித் தொழிலாளர்களைச் சுமந்துகொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அவர்கள் அங்கே பட்ட அவமானம் கொஞ்சமா? 1893-ம் ஆண்டில் காந்தியடிகளை ரெயிலில் இருந்து கீழே தள்ளியதும் அந்த நாட்டில்தானே! தோல் நிறத்துக்காகத் தள்ளப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் நாம். நாமே இன்னொருவரைத் தள்ளலாமா?

வதந்தி செய்த வேலை

கதவைச் சாத்துவதோடு தீமை நின்றுவிடுவதில்லை.

2016-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி பெங்களூரில் ஒரு கார் விபத்து நடந்தது. காரை ஓட்டியவர் சூடான் நாட்டார். சிறிது நேரத்தில் அந்த வழியே வேறொரு காரில் தான்சானியா மாணவி வந்தார். விபத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும், கூட்டம் அவரைத் தாக்கியது, காரைக் கொளுத்தியது. 2017-ம் ஆண்டு மார்ச் மாதம் டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். உள்ளூர்ப் பையன் ஒருவன் இறந்ததை ஒட்டி எழுந்த பேச்சுதான் காரணம்.

நம் நாட்டுப் பிள்ளைகளையே வதந்தி விரட்டியது உண்டு. 2012-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். 'வடகிழக்கு மாநிலத்தாரைத் தாக்கப் போகிறார்கள்' என்று செல்போனில் ஒரு செய்தி பரவியது. பெங்களூரில் இருந்தும் சென்னையில் இருந்தும் அசாமியரும் மணிப்பூரியரும் நாகரும் மூட்டை கட்டிக்கொண்டு ரெயில் நிலையத்துக்கு ஓடினார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் மாணவர் சங்கம் என்ன செய்யும்? உண்மையை விசாரிக்கும். போலீஸ் அதிகாரியுடன் பேசும். 'பயப்படாதே, அறையிலேயே இரு' என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்யும். கூட்டமாக ஓடுவதைத் தடுப்பதற்கு ஒரு நம்பகமான குரல் வேண்டும். சங்கம் அந்தக் குரல்.

ஊரில் போர், இங்கே பரீட்சை

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி நாம் சுதந்திரக் கொடி ஏற்றிக்கொண்டிருந்தோம். அன்றுதான் காபூல் நகரம் தலிபான்கள் கையில் விழுந்தது. இங்கே படித்துக்கொண்டிருந்த ஆப்கான் மாணவர்கள் இரவெல்லாம் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அங்கே பெண்களுக்குக் கல்லூரிக் கதவே மூடப்பட்டது. இங்கே பட்டம் வாங்கிய பெண், அதை எடுத்துக்கொண்டு எங்கே போவாள்?

2022-ம் ஆண்டில் இலங்கையில் பொருளாதார நெருக்கடி. 2023-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி சூடானில் உள்நாட்டுப் போர். அதே ஆண்டு ஜூனில் நைஜீரியா தன் நாணய மாற்று முறையை மாற்றியது. ஓராண்டுக்குள் நைராவின் மதிப்பு பாதிக்கும் கீழே சரிந்தது. இதன் பொருள் என்ன? அங்கே ஒரு தகப்பனார் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணம், இங்கே வந்து சேரும்போது பாதிகூட இல்லை! மகன் படிப்பை நிறுத்துவதா, ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்துவதா?

அப்போதும் சங்கத்தின் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அரிசி வாங்குகிறார்கள். 'பரீட்சைக் கட்டணத்துக்குத் தவணை கொடுங்கள்' என்று கல்லூரியில் மனுக் கொடுக்கிறார்கள். விசாவை நீட்டிக்க வழி கேட்கிறார்கள். பெரிய காரியம் அல்ல என்று தோன்றலாம். ஆனால், ஒரு பட்டம் பிழைப்பது இதில்தான்.

இங்கே பிறந்தும் அயலார்

கடலே கடக்காத அயல்நாட்டு மாணவர்களும் உண்டு. ஆவடியில் இருந்து தொலைதூரம் போக வேண்டாம். புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983-ம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்த தாய் தந்தையருக்குத் தமிழ்நாட்டிலேயே பிறந்த பிள்ளைகள் இத்தகைய முகாம்களில் வளர்ந்தார்கள். பேச்சு தமிழ். பள்ளி இங்கே. காகிதத்தில் மட்டும் அயல்நாட்டார்.

1984-ம் ஆண்டில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தொடங்கப்பட்டது. முகாம் பிள்ளைகளைக் கல்லூரி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதை அது முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. வீட்டுக்கும் படிப்புக்கும் உதவிகளை அறிவித்தது.

பெயர் மாறியது நல்லது. ஆனால், பட்டம் வாங்கிய பிள்ளை வேலைக்குப் போகும்போது பாஸ்போர்ட் கேட்கிறார்கள். அவனிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை! கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கப் போனவர்கள் உண்டு.

தாமோதரம் பிள்ளையும் இதே தீவில் இருந்து வந்தவர்தான் என்பதை நாம் மறக்கக்கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய தியாகம் எதுவும் வேண்டாம்.

வீடு காலி இருந்தால், கல்லூரிக் கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் கேட்டுப் பாருங்கள். சட்டப்படி தகவல் கொடுத்துவிட்டு வீட்டைக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் கல்லூரி அலுவலகத்திலேயே விசாரிக்கலாம். நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்த வேண்டாம்.

கேலிப் பெயர் சொல்லும் பிள்ளையைக் கண்டியுங்கள். பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால், 'எந்த ஊர், தம்பி?' என்று கேளுங்கள். பொங்கலன்று ஒரு பாத்திரம் பொங்கல் கொடுத்து அனுப்புங்கள். செல்போனில் யாரைப் பற்றியாவது பயங்கரச் செய்தி வந்தால், அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்துங்கள்.

உள்ளூர் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. அயல்நாட்டு மாணவர் சங்கம் என்றால் அவர்கள் மட்டும் கூடும் இடம் என்று ஒதுங்க வேண்டாம். மகலனோபிஸ் வங்காளி, ராமானுஜன் தமிழர். மொழி வேறு, ஊர் வேறு. ஆனாலும், அறைக்குள் வந்து 'தூக்கம் எப்படி?' என்று கேட்டாரே!

இதோ, கல்லூரி ஸ்டாப் வந்துவிட்டது. ஆப்பிரிக்க வாலிபர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்குகிறார். பூக்கார அம்மாளின் கூடை வாசலில் சிக்கிக்கொண்டது. வாலிபர் திரும்பி வந்து, ஒரு கையால் கூடையைத் தூக்கிக் கீழே வைக்கிறார்.

"நல்லா இருப்பா, ராசா. நல்லாப் படி!" என்கிறார் அந்த அம்மாள்.

எங்கோ ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தாய் இருக்கிறாள். அவள் மகனுக்கு இன்று ஒரு வாழ்த்து கிடைத்துவிட்டது. நம் பிள்ளைகள் படிக்கப் போன ஊரிலும் யாராவது ஒரு தாய் இப்படிச் சொல்லட்டும்!